கோடை வானிலை: உறுப்பினர்கள் கவனத்திற்கு

வணக்கம். சித்திரை, வைகாசி மாதங்களில் நம் டெல்டாவில் பல நாள்கள் தொடர்ந்து வறண்ட வானிலையும், இடையிடையே பிற்பகலுக்கு மேல் திடீர் இடிமழையும் மாறி மாறி வருவது இயல்பு. வெயிலில் சூடேறி மேலெழும் காற்று வங்கக் கடலின் ஈரக்காற்றுடன் சேரும்போது உருவாகும் இம்மேகங்கள், திருவையாற்றில் கொட்டித் தீர்த்துவிட்டுக் கும்பகோணத்தை எட்டிப் பார்க்காமலே கலைந்துவிடக்கூடும் என்பதால், மாவட்ட அளவிலான முன்னறிவிப்பை மட்டும் நம்பி உளுந்து, எள் அறுவடையைத் திட்டமிட வேண்டாம் என்பது என் கருத்து. களத்தில் காயும் செடிகளையும், கொள்முதல் நிலையத்தில் காத்திருக்கும் நெல்லையும் மூடத் தார்ப்பாய் கைவசம் இருக்கட்டும். இடி கேட்டதும் வயலைவிட்டுக் கட்டடத்துக்குள் செல்லவும். மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். மே முதல் வாரத்தில் கத்திரி வெயில் தொடங்கும். நல்ல மழை கிடைத்தவர்கள், ஈரம் காயும் முன் கோடை உழவை முடித்துவிடலாம்.