எங்கள் சர்வரை அமைத்துத் தந்த நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் கல்லூரி நூலக சர்வர் திங்கட்கிழமை மறுபடியும் எழவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். லினக்ஸை எழுப்பும் நிரலான கிரப் (GRUB) அமைப்பில், லினக்ஸ் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை எஸ்டிஏ2 (sda2, அதாவது எஸ்டிஏ என்ற வட்டின் இரண்டாம் பகுதி) என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அதை யூயூஐடியாக (UUID, அந்தப் பகுதிக்கே உரிய அடையாள எண்) மாற்றித் தாருங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

கரெண்ட் போய் வந்ததும் சர்வரின் வட்டுகளை இயக்கும் ரெய்டு கார்டு தயாராகச் சற்று நேரம் பிடிக்கிறது. அதற்குள், பேக்கப்புக்காகச் செருகியிருக்கும் யூஎஸ்பி வட்டு முந்திக்கொண்டு எஸ்டிஏ என்ற பெயரை வாங்கிக்கொள்கிறது. அதில் இருப்பதோ ஒரே பார்ட்டிஷன். எஸ்டிஏ2 இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு, கட்டளைக்குக் காத்திருக்கும் இனிட்ராம்எஃப்எஸ் (initramfs) கறுப்புத் திரையோடு சர்வர் நின்றுவிடுகிறது. காலையில் கதவு திறக்கும் நூலக உதவியாளர் அதன் முன்னால் என்ன செய்வார்? தகவல் எதுவும் அழியவில்லை. ஆனாலும் அன்று புத்தகம் கொடுப்பதும் வாங்குவதும் நோட்டில்தான். மாலையில் உட்கார்ந்து அத்தனையையும் கணினியில் ஏற்ற வேண்டும். ஒரு பதிவு விட்டுப்போய் அபராதம் தவறாக விழுந்தால், மாணவர்களிடம் பேச்சு வாங்குவதும் அவர்தான்.

உங்கள் பொறியாளர் சொன்ன தீர்வு: "யூஎஸ்பியைப் பிடுங்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க." உண்மைதான், எழுகிறது. சர்வரையே அணைத்து வைத்துவிட்டால் பூட் பிரச்சினையே வராது. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் மட்டும் தவறாமல் வரும்.

லினக்ஸின் மையமான கர்னல், வட்டுகளைக் கண்டுபிடிக்கும் வரிசையில்தான் எஸ்டிஏ போன்ற பெயர்களைக் கொடுக்கிறது. அந்த வரிசை நிலையானதல்ல. யூயூஐடியோ ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே இருப்பது. எந்த வட்டு முந்தினாலும் மாறாது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 2006-லேயே இதற்கு மாறிவிட்டது. இன்று கிரப் அமைப்பைப் புதுப்பித்தால் அது தானாகவே யூயூஐடியைத்தான் எழுதும். வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்து அதைத் தடுத்திருப்பவர்கள் நீங்கள். கேட்டால், ஒரே இமேஜை (வட்டின் முழு நகலை) எல்லா இடத்துக்கும் க்ளோன் செய்வதால் யூயூஐடி ஒன்றாகிவிடும் என்கிறீர்கள். வேறு வேறு ஊரில் இருக்கும் கணினிகளில் ஒன்றாக இருந்தால் பூட் ஆவதில் என்ன கெட்டுவிடும்? இரண்டும் ஒரே கணினியில் மாட்டப்பட்டால்தான் குழப்பம். க்ளோன் செய்ததும் டியூன்2எஃப்எஸ் கட்டளையால் புது எண் கொடுத்து, அதையே கிரப்பிலும், எந்தப் பகுதியை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பிலும் எழுதிவிட்டால் அதுவும் தீர்ந்தது.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். யூயூஐடியைத் தடுக்கும் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, கிரப்பிலும் எஃப்எஸ்டேபிலும் யூயூஐடியை எழுதித் தாருங்கள். அப்புறம், யூஎஸ்பி வட்டைச் செருகி வைத்தபடியே எங்கள் முன்னால் சர்வரை ரீபூட் செய்து காட்டும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நூலகப் பணியாளர்கள் சார்பில்