அபு ஹுரேராவின் பெண்கள்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதியைப் படித்து இங்கே எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். தாயும் பிள்ளையும் நலம் என்று எழுதியிருந்தாய், அது போதும். இவருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவன் வேலை மாறிக் கோவைக்குப் போய்விட்டான்.

பெரிய பேரனின் பாடப் புத்தகத்தில் மனிதன் வேட்டையை விட்டு விவசாயத்துக்கு வந்த கதையை ஒரே பக்கத்தில் முடித்துவிட்டார்கள் என்று குறைப்பட்டிருந்தாய். அந்த மாற்றத்தால் மனிதனுக்கு லாபமா நஷ்டமா என்றும் கேட்டிருந்தாய். கொஞ்ச நாளாக என் மனசும் அதிலேயேதான் கிடக்கிறது. பொதுவாகப் பேசுவதைவிட ஒரே ஒரு ஊரைப் பற்றி எழுதுகிறேன்.

சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் அபு ஹுரேரா என்று ஒரு மண்மேடு இருந்தது. அணை கட்டி ஊரே மூழ்கப்போகிறது என்ற நிலையில், 1972, 1973 ஆண்டுகளில் ஆண்ட்ரூ மூர் குழுவினர் அவசர அவசரமாக அதைத் தோண்டினார்கள். தோண்டிய மண்ணைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கியபோது, ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் அடுப்பில் கருகிய விதைகள் மேலே மிதந்து வந்தன. கார்டன் ஹில்மன் அவற்றை ஒவ்வொன்றாக இனம் பிரித்தார். 13,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே குடியிருந்தவர்கள் விவசாயிகள் இல்லை. ஆனாலும் ஊர் ஊராகத் திரியவில்லை, ஒரே இடத்தில் தங்கியிருந்தார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட காட்டுச் செடிகளின் விதைகளையும் காய்கனிகளையும் சாப்பிட்டார்கள். வருஷா வருஷம் கோடைத் தொடக்கத்தில் மான்கூட்டம் அந்த வழியாக இடம்பெயரும். அதை மொத்தமாக மடக்கி வேட்டையாடினார்கள். கிடைத்த மான் பற்களைப் பார்த்தால் பிறந்த குட்டி, ஒரு வயதுக் குட்டி, முழு வளர்ச்சி பெற்றவை என்றுதான் இருக்கின்றன, இடைப்பட்ட வயதுக் குட்டி எதுவும் இல்லை. அதை வைத்தே வேட்டைக் காலத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் பார்!

பின்னால் அதே இடத்தில் விவசாயக் கிராமம் வந்தது. பயிரிட ஆரம்பித்த பிறகும் ரொம்ப காலம் மான் வேட்டையை விடவில்லை, அப்புறம்தான் ஆடு வளர்ப்புக்கு மாறினார்கள். ‘புரட்சி’ என்று புத்தகம் சொல்வது தலைமுறை தலைமுறையாக மெல்ல மெல்ல நடந்த காரியம். அதில் யாரும் ஒருநாள் உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்திருக்க மாட்டார்கள்.

என்னை உலுக்கியது எலும்புகள்தான். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தியா மோலசன் என்ற அம்மையார் அந்த ஊர் எலும்புக்கூடுகளை ஆராய்ந்தார். பலருடைய கால் பெருவிரல் மூட்டு தேய்ந்து வீங்கியிருக்கிறது. முழங்காலில் தேய்மானம். முதுகெலும்பில் கடைசி மார்பு முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறது. மேல்கையில் தசை ஒட்டும் இடம் புடைத்திருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. தரையில் மண்டியிட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றிக்கொண்டு, தானியத்தை அரைகல்லில் போட்டு, உடம்பையே முன்னால் தள்ளித் தள்ளி இழுத்திருக்கிறார்கள். நம் அம்மி மாதிரிதான், ஆனால் மாவு வேண்டுமென்றால் தினமும் மணிக்கணக்காக அரைத்தாக வேண்டும். பாதிக்கப்பட்ட விரல் எலும்புகளின் அளவை வைத்துப் பார்த்தால் அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

ஜாக் ஹார்லன் என்ற தாவர விஞ்ஞானி 1966-இல் துருக்கியின் கராஜாதாக் மலைப்பக்கம் போய்க் காட்டுக் கோதுமையை அறுத்துப் பார்த்தார். கற்காலத்தார் வைத்திருந்த மாதிரியே சிக்கிமுக்கிக்கல் பதித்த அரிவாள்தான். ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ சுத்தமான தானியம் சேர்ந்தது. ஒரு குடும்பம் மூன்று வாரம் அறுத்தால் வருஷம் முழுக்கத் தின்றாலும் மீதி இருக்கும் என்று கணக்குப் போட்டார். அப்படியானால் அறுப்பு பெரிய பாடே இல்லை, மல்லிகா. விடாப்பிடியான உமியைக் குத்தி எடுப்பதும் மாவாக்குவதும்தான் பாடு. அது அறுப்போடு முடிகிற வேலையும் இல்லை, தினமும் விடிந்தால் காத்திருக்கும். படங்களில் எப்போதும் ஏரும் அரிவாளும்தான் வருகின்றன. அரைகல் முன்னால் மண்டியிட்டிருக்கும் பெண்ணை ஏன் யாரும் வரைவதில்லை? எனக்குக் கோபமே வருகிறது.

அதனால் உன் கேள்விக்கு என்னால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. தானியத்தைச் சேமிக்க முடிந்தது, ஊர் பெருத்தது, அதெல்லாம் உண்மை. பட்டினிக்குப் பயந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! ஆனால் கல்லும் உமியும் கலந்த மாவைத் தின்று பல் தேய்ந்து உடைந்திருக்கிறது. சுமை தூக்கிக் கழுத்தெலும்பு பாதித்த சின்ன வயசுக்காரர்களும் அங்கே இருந்திருக்கிறார்கள். லாபம் ஊருக்கு, வலி அந்த முழங்கால்களுக்கு என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்த மேடு இப்போது அணையின் நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கிறது. மேட்டின் சிறு பகுதியைத்தான் தோண்ட முடிந்தது. மீதியில் என்னென்ன இருந்ததோ என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அரைகல் வேலையை விளக்கும் படங்களை எடுத்து வைத்திருக்கிறேன். சித்திரையில் வரும்போது பேரனையும் கூட்டிக்கொண்டு வா, அவனுக்குக் காட்டலாம். உன் முழங்கால் வலிக்கு வைத்தியர் என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
கமலா