வண்டியில் என்ன இருக்கிறதோ, அதை வண்டியில் எழுதச் சொல்லுங்கள்

போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கும், வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களுக்கும், சாலையில் வண்டிகளை நிறுத்திச் சோதிக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம்.

பெருந்துறைக்கும் திருப்பூருக்கும் இடையில் சாலையோரம் பேக்கரி நடத்துகிறவன் நான். ஆபத்தான சரக்கை வண்டியில் ஏற்றிச் செல்வது பற்றி மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 129 முதல் 137 வரை என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. அந்த விதிகளைச் சாலையில் காணவில்லை என்று சொல்லத்தான் இந்த மடல்.

போன மழையில் எங்கள் கடைக்குச் சற்றுத் தள்ளி ஒரு குட்டியானை, அதாவது சின்ன லோடு வண்டி, சென்டர் மீடியனில் ஏறிச் சாய்ந்தது. டிரைவர் சின்னப் பையன், நல்லவேளையாகப் பெரிய அடி இல்லை. பின்னால் இருந்த டிரம்களில் இரண்டு உருண்டு மூடி பிய்ந்து, வெள்ளைத் தூள் தார்ச்சாலையில் கொட்டிவிட்டது. மேலே மழைத் தூறல். கொஞ்ச நேரத்தில் அந்தத் தூள் புகைய ஆரம்பித்தது. கந்தக நெடி தொண்டையைப் பிடித்தது.

"தம்பி, என்ன லோடு?" என்று கேட்டேன். "கெமிக்கல்ங்கண்ணா" என்றான். என்ன கெமிக்கல் என்று கேட்டதற்கு, "சாய மருந்துங்கண்ணா, ஏத்திவிட்டாங்க, வந்துட்டேன்" என்றான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவனுக்குச் சொல்லியிருந்தால்தானே அவன் எனக்குச் சொல்வான்?

கூடியிருந்தவர்களில் ஒருவர் சோடா ஆஷ் என்றார். இன்னொருவர் பிளீச்சிங் பவுடர் என்றார். மூன்றாமவர் ஹைட்ரோஸ் என்றார். சாயப்பட்டறை ஊரில் ஆளுக்கொரு பெயர் சொல்லத் தெரியும். மூன்றும் பார்க்க வெள்ளைதான், ஆனால் சோடா ஆஷ் என்றால் கூட்டி அள்ளிவிட்டுப் போகலாம். ஹைட்ரோஸ், அதாவது சாய வேலைக்குப் போடும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் என்றால் கதையே வேறு. ஈரம் பட்டால் தானாகச் சூடேறும், கந்தக டை ஆக்சைடு கிளம்பும், தீப்பிடிக்கவும் செய்யும். அரைகுறையாகத் தண்ணீர் தெளித்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

தீயணைப்பு வண்டி வந்தது. இறங்கிய அலுவலர் முதலில் கேட்டதும் "என்ன லோடு?" என்பதுதான். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பக்கவாட்டில் ஒன்றும் இல்லை. பின்னால் 'அம்மா அப்பா ஆசி' என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் நாக்கை நீட்டும் திருஷ்டி முகம் வரைந்திருந்தது. கேபினில் கிடைத்த பில்லில் 'கெமிக்கல்' என்ற ஒரே வார்த்தையும் டிரம் எண்ணிக்கையும். அதிலிருந்த செல்போன் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஹோஸைக் கையில் பிடித்தபடி தண்ணீர் அடிக்கலாமா, மணல் போடலாமா என்று தெரியாமல் அந்த மனிதர்கள் நின்ற நேரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. காற்று கடைப்பக்கம் திரும்பியது. டீ குடிக்க வந்தவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். என் கடைப் பையனுக்குக் கண் எரிந்து நீர் கொட்டியது. முன்வரிசையில் நின்ற தீயணைப்பு வீரர் ஒருவரை இருமல் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

கடைசியில், பைக்கில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு டையிங் மாஸ்டர் நின்று, தூரத்திலிருந்தே மோந்து பார்த்துவிட்டு "ஹைட்ரோஸ்தான், சந்தேகமே வேண்டாம்" என்றார். அதன் பிறகே வேலை நடந்தது. விதி 134 கேட்கிற அவசரகாலத் தகவல் பலகை அன்றைக்கு எங்களுக்கு ஒரு மனிதரின் மூக்கு வடிவில் வந்து சேர்ந்தது. அவர் வேறு வழியாகப் போயிருந்தால்?

அந்தப் பலகை ஒன்றும் பெரிய காரியம் இல்லை, ஐயா. இரு பக்கமும் பின்னாலும் தெரிய வேண்டும். சரக்கின் சரியான பெயர் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாத எழுத்தில், எந்த வகை ஆபத்து என்று சொல்லும் வகுப்பு எண் 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல், அபாயக் குறி 250 மில்லிமீட்டர் சதுரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, சரக்கைப் பற்றி விவரம் தெரிந்தவர் யார் என்று தொலைபேசி எண்களும் வேண்டும். திருஷ்டி முகம் வரைகிற அதே பெயின்டரிடம் கொடுத்தால் ஒரு மதியத்தில் முடித்துத் தருவார். பத்து ரூபாய் மாத்திரை அட்டையில்கூட உள்ளே என்ன மருந்து என்று அச்சடித்துத்தான் விற்கிறார்கள்.

2025 ஜனவரி 3 அன்று கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் எல்பிஜி டேங்கர் கவிழ்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. அதனால் விடிந்ததுமே சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட முடிந்தது, தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே மீட்பு வேலையும் நடந்தது. பெரிய டேங்கர்களில் ஏதோ ஒரு பலகையாவது இருக்கிறது. அதிலும் வெயிலில் வெளுத்தது, சேறு மூடியது, போன வருடச் சரக்கின் பெயரோடு இந்த வருடச் சரக்கை ஏற்றி ஓடுவது என்று பல ரகம் உண்டு. கழுவாத காலி டேங்கரும் ஆபத்துதான், அதில் பழைய பலகை இருக்கட்டும். ஆனால் சரக்கு மாறினால் பலகையும் மாற வேண்டாமா? பொய் சொல்கிற பலகை இல்லாத பலகையைவிட மோசம்.

ஆனால் என் கவலை குட்டியானைகளைப் பற்றியது. ஆசிட், காஸ்டிக், பெராக்சைடு, ஹைட்ரோஸ் எல்லாம் டிரம்மிலும் கேனிலும் தினமும் எங்கள் ஊர்களுக்குள் பயணம் செய்வது அவற்றில்தான். வண்டி சின்னது என்பதால் விதி சின்னதாகிவிடுவதில்லை. இப்படிப்பட்ட சரக்கை ஓட்டுகிறவருக்கு ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், தனிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்கிறது விதி 9. அந்தப் பையனுக்கு அப்படியொரு பயிற்சி இருப்பதே தெரியாது.

ஹெல்மெட் இல்லாத தலையை அரை பர்லாங் தூரத்திலேயே கண்டுபிடிக்கிறீர்கள். நம்பர் பிளேட்டில் எழுத்து கொஞ்சம் வளைந்திருந்தால் ஓரங்கட்டுகிறீர்கள். தவறில்லை, செய்யுங்கள். பால் வாங்கப் போன எனக்கே போன வருடம் அபராதம் போட்டார்கள், கட்டினேன். அவ்வளவு கூர்மையான கண்ணுக்கு, மூடியோரம் வெள்ளைப் பொடி உதிரும் டிரம்களோடு போகிற பெயர் தெரியாத வண்டி மட்டும் எப்படிப் படாமல் போகிறது என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மரியாதையோடுதான் கேட்கிறேன். வண்டியில் என்ன இருக்கிறதோ, அதை வண்டியில் எழுதச் சொல்லுங்கள். விதிப்படியான குறியோடு சரக்கின் பெயரைத் தமிழிலும் எழுதச் சொன்னால் பக்கத்தில் நிற்கிற எங்களுக்கும் உதவும். பலகையில் உள்ள எண்ணைச் சோதனையின்போது ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள், எடுக்கிறார்களா என்று தெரிந்துவிடும். அபராதத்தை டிரைவர் பையனின் தலையில் மட்டும் கட்டாமல், பெயர் சொல்லாமல் சரக்கை ஏற்றி அனுப்பியவரையும் வண்டி முதலாளியையும் கேளுங்கள். விதி 131-ம் 132-ம் அவர்களுக்காகத்தான் இருக்கின்றன. சாயப்பட்டறைகளுக்கும் கெமிக்கல் கடைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் பாதி வேலை குடோன் வாசலிலேயே முடிந்துவிடும்.

எங்கள் சாலையில் சோதனைக்கு நிற்க இடம் வேண்டுமென்றால் என் கடைக்கு முன்னால் தாராளமாக நிற்கலாம். வேப்பமர நிழல் இருக்கிறது. காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் வந்தால் நான் சொல்கிற வண்டிகளை நீங்களே பார்க்கலாம்.

இப்படிக்கு,
பெருந்துறை – திருப்பூர் சாலை பேக்கரிக்காரன்