அழைக்காமலே ஆர்வமில்லை என்பதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஊரக மருத்துவச் சேவை பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மருத்துவர் பற்றாக்குறை குறித்து அதில் எழுதியிருப்பவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால், ஊர்ச் சுகாதாரக் குழுக்களில் பங்கேற்க மக்களுக்கு ஆர்வமில்லை என்று போகிற போக்கில் எழுதப்பட்டிருந்த ஒரு வரியை என்னால் தாண்டிச் செல்ல முடியவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். எங்கள் ஊர்க் குழுவின் பதிவேட்டில் என் பெயரும் இருக்கிறது. எனவே, அந்த வரி என்னையும் சேர்த்தே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கப்பட்டபோது, ஊருக்கொரு சுகாதாரக் குழுவும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கொரு நோயாளர் நலச் சங்கமும் அமைக்க வகைசெய்யப்பட்டதும், கிராமக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் ஒதுக்கி, அதை எதற்குச் செலவிடுவதென்று ஊராரே கூடி முடிவுசெய்ய வேண்டுமென்று சொல்லப்பட்டதும் தாங்கள் அறியாதவை அல்ல. 2007 முதல் 2009 வரை தமிழ்நாடு உள்ளிட்ட 9 மாநிலங்களில் மக்கள் கண்காணிப்பு என்ற பெயரில் ஒரு முன்னோட்டம் நடந்ததும், அதில் எங்கள் பெரம்பலூர் மாவட்டம் இருந்ததும் தங்கள் கட்டுரையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த நாட்களில் எங்கள் மகளிர் குழுப் பெண்கள், மருத்துவச் சேவை ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு, நன்றாக இருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், மோசமாக இருந்தால் சிவப்பு என்று அட்டையில் வண்ணமிட்டோம். கிராம சுகாதாரச் செவிலியர் காலனிப் பக்கம் வருவதே இல்லை என்று பலர் சொன்னதால் அந்தக் கட்டத்துக்குச் சிவப்பு விழுந்தது. கூட்டத்தில் அதைப் படித்தபோது செவிலியர் கண்கலங்கிவிட்டார். காலை பதினொரு மணிக்குத் தாம் தவறாமல் போவதாகவும், எல்லா வீடும் பூட்டியே கிடப்பதாகவும் சொன்னார். அந்த நேரத்தில் காலனிப் பெண்கள் பருத்திக் காட்டில் இருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவர் வந்து திரும்புவது இவர்களுக்குத் தெரியவில்லை. மாதத்தில் இரண்டு நாள் மாலை ஐந்து மணிக்கு வருவதென்று அன்றே முடிவாயிற்று. ஒரு ரூபாய் செலவில்லை. அந்தக் கூட்டத்துக்கு அறுபது பேருக்கு மேல் வந்திருந்தோம். பிறகு முன்னோட்டக் காலம் முடிந்தது. முடிந்துவிட்டது என்று எங்களுக்குச் சொல்லக்கூட யாரும் வரவில்லை. அடுத்த அட்டை எப்போது வரும் என்று பல மாதங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதன்பின் கூட்டம் என்பது, பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போவதாகச் சுருங்கிவிட்டது. பணம் பெரும்பாலும் பிளீச்சிங் பவுடருக்கே போயிற்று. எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றதிலிருந்து, குழு எப்போது கூடுகிறது என்று யாரைக் கேட்பதென்றும் தெரியவில்லை.

என் கணவர் பக்கவாதத்தால் நான்கு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். மக்களைத் தேடி மருத்துவத்தில் இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை மருத்துவர் வந்து கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். அதற்கு என்றும் நன்றியுடையவள். ஆனால், எங்கள் தெருவிலேயே இப்படிப் படுத்துக்கிடப்பவர்கள் மூன்று பேர். மூவருக்கும் முதுகில் புண். குழுவின் பணத்தில் இரண்டு காற்றுப் படுக்கைகள் வாங்கி வைத்து, தேவைப்படும் வீட்டுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கலாமே என்று ஒரு கிராம சபையில் எழுந்து கேட்டேன். தீர்மானங்கள் முன்பே எழுதப்பட்டுவிட்டன, அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். அடுத்த முறையும் கேட்டேன், அதே பதில்தான். கேரளத்தில் மலப்புறம், கோழிக்கோடு மாவட்டங்களில் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று, நிதி திரட்டி, படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே போய்க் கவனிக்கிறார்கள். ஊராட்சிகளும் அதில் பங்கெடுக்கின்றன. அங்கே உள்ளவர்களைவிட எங்கள் பெண்களுக்கு மனம் குறைவு என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

இத்தனை ஆண்டுகளாகத் தங்கள் இதழை வாங்கிப் படிக்கிறவள் என்ற உரிமையில் கேட்கிறேன். அந்த வரியை எழுதுமுன் கட்டுரையாளர் ஒரே ஒரு குழு உறுப்பினரிடமாவது பேசினாரா? யாரும் வரவில்லை என்று அலுவலகத்தில் சொல்லியிருப்பார்கள். யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை என்பதை எங்களிடம் கேட்டிருந்தால் நாங்கள் சொல்லியிருப்போம்.

நான் வேண்டுவது பெரிதல்ல. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெளிச்சுவரிலும் குழு உறுப்பினர்களின் பெயர், அந்த ஆண்டின் வரவு செலவு, அடுத்த கூட்டத்தின் நாள், நேரம் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டுமென்று தாங்கள் ஒரு தலையங்கத்தில் கேட்க வேண்டும். கூட்டத்தை மாலையில் வைத்தால் காட்டு வேலைக்குப் போகிறவர்களும் வருவார்கள். நாள் ஒரு வாரம் முன்னதாகத் தெரிந்தால், என் கணவரைப் பார்த்துக்கொள்ள என் நாத்தனாரைத் துறையூரிலிருந்து வரச்சொல்லிவிட்டு நானும் போய்விடுவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவர்,
பெரம்பலூர் மாவட்டம்.