லிம்பே அரங்கம் குறித்து நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். பேத்திக்கு இந்த ஆண்டு பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு என்பதால் வீட்டில் தொலைக்காட்சிக்கு ஊரடங்கு. கேமரூனுக்கு வேலையாகப் போன உன் மகன் லிம்பே காற்பந்தரங்கத்தின் படத்தை அனுப்பி, இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு பெரிய அரங்கம் எதற்கு என்று கேட்டதாக எழுதியிருந்தாய். திடல் பராமரிப்பிலேயே தலை நரைத்தவனிடம் கேட்டுவிட்டாய். பதில் சற்று நீளும்.

அதைச் சீனா கொடுத்த அன்பளிப்பு என்று அவன் எண்ணுகிறான் போலிருக்கிறது. அப்படியன்று; அது சீன அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கியின் கடனில், சீன நிறுவனம் கட்டித் தந்த 20,000 இருக்கை அரங்கம். அந்நாட்டின் பாஃபூசாம் நகரிலும் இதே ஏற்பாட்டில் ஒன்று உண்டு. 2016-இல் ஆப்பிரிக்க மகளிர் கிண்ணத்தின் ஒரு பிரிவு ஆட்டங்கள் லிம்பேயில் நடந்தன. ஆனால் உலகம் அவ்வூரை அறிந்தது 2022 ஜனவரி 12 அன்றுதான். ஆப்பிரிக்கக் கிண்ணத் தொடரில், சிங்கப்பூரில் நமக்கு இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கிய துனிசியா–மாலி ஆட்டத்தை நடுவர் 85ஆவது நிமிடத்திலேயே ஊதி முடித்தார். தவற்றை உணர்ந்து தொடரவிட்டவர், 90 நிமிடம் நிறைவதற்குச் சில நொடிகள் இருக்கையில் மறுபடியும் முடித்துவிட்டார். அடுத்த ஆட்டத்தில் மொரிட்டானியாவுக்கு அவர்களின் பழைய நாட்டுப்பண்ணே திரும்பத் திரும்ப ஒலித்தது. நல்ல கூத்து!

சிரிப்பு இருக்கட்டும். கடனுக்காவது ஒரு தவணைக் கணக்கு உண்டு. பராமரிப்புக்கு முடிவே கிடையாது. யானையைக் கட்டித் தீனி போடும் வேலை அது. கேமரூன் மலையின் அடிவாரத்தில், லிம்பேக்கு அருகிலுள்ள டெபுன்ச்சாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நம் சிங்கப்பூரில் பெய்வதைப்போல் நான்கு மடங்கு. லிம்பேயில் அந்த அளவு இல்லாவிட்டாலும் மழைக்குக் குறைவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் புல்லுக்கு அடியிலுள்ள மணலும் சல்லியும் வண்டலால் அடைபட்டால், மேலே எவ்வளவு அழகாக வெட்டிவிட்டாலும் பூட்ஸ் பதிந்த இடமெல்லாம் தண்ணீர் ஊறி நிற்கும். சில நாள்களில் வேர் அழுகிப் புல் கையோடு வந்துவிடும். கடற்காற்றின் உப்பு இருக்கைகளைத் தாங்கும் இரும்பையும் விடாது. திறப்பு விழா மேடையில் இதையெல்லாம் யாரும் பேசுவதில்லை.

அரங்கம் நிறையாததற்கு ஊரை மட்டும் குறை சொல்வதும் நியாயமன்று. ஆங்கிலம் பேசும் அந்த வட்டாரத்தில் பல ஆண்டுகளாகப் பிரிவினைப் போர் நடக்கிறது, திங்கட்கிழமைகளில் கடையடைப்பு வேறு. 2022 ஆட்டங்கள் பலத்த இராணுவக் காவலில்தான் நடந்தன. அச்சத்தோடு எவன் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பந்தாட்டம் பார்க்கப் போவான்?

நாம் சுற்றித் திரிந்த ஜாலான் புசார் அரங்கம் 1929-இல் கட்டப்பட்டது; இடித்துக் கட்டிய பிறகும் ஏறக்குறைய 6,000 பேருக்குத்தான் இடம். செயற்கைப் புல் எனக்குப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும், ஆனாலும் அங்கே கால்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே இருக்கைகளை எண்ண வேண்டாம் என்று உன் மகனிடம் சொல். வார இறுதியில் உள்ளூர்க் குழுக்களை உள்ளே விடுகிறார்களா, புல் வெட்டுபவருக்கு மாதச் சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள் என்று விசாரித்து எழுதச் சொல். முடிந்தால் கோல் கம்பத்தின் அருகே தரையைக் குனிந்து ஒரு படம் எடுக்கட்டும். மீதியை நான் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்