சந்தை வராத ஊரிலிருந்து ஒரு மடல்

அவுஸ்திரேலிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2013இல் தொடங்கப்பட்ட தேசிய ஊனமுற்றோர் காப்பீட்டுத் திட்டத்தில் தம்பி சேர்க்கப்பட்டதாகக் கடிதம் வந்த நாளில், அம்மா அதைச் சாமிப்படத்தின் முன் வைத்துக் கும்பிட்டார். அதுவரை கொடுத்ததை வாங்கிக்கொண்டிருந்தவன் இனி அரசு ஒதுக்கும் பணத்தில், சேவை விற்கும் சந்தையில் தனக்கு உதவுபவரைத் தானே தெரிவு செய்யலாம் என்பது சின்ன விடயமல்ல. அந்த உரிமை அவன் கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது நியூ சவுத் வேல்ஸின் உட்புறத்துச் சிற்றூர் ஒன்றில். தம்பிக்குப் பெருமூளை வாதம். கட்டிலிலிருந்து குளியல் நாற்காலிக்கு அவனை மாற்ற இருவர் வேண்டும். அதற்கான பணமும் அவனுக்கென வகுக்கப்பட்ட தனித் திட்டத்தில் இருக்கிறது. ஆனால் காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தால், இன்றைக்கு ஆள் இல்லை என்று நாங்களே விளங்கிக்கொள்வோம். அன்று அம்மா ஒருபுறமும் நான் மறுபுறமுமாகத் தூக்குவோம். அம்மாவின் தோளில் பாரம் இறங்கக்கூடாதென்று, அசைக்க முடிந்த ஒரு கையால் தம்பி கட்டில் சட்டத்தை இறுகப் பற்றிக்கொள்வான். இப்படிச் செலவாகாமல் கிடக்கும் தொகை, அடுத்த மீளாய்வில் தேவைப்படாத தொகையாகப் பார்க்கப்பட்டுவிடுமோ என்பது அம்மாவின் ஓயாத பயம்.

விலையைக் கூட்டினால் ஆள் வருவார் என்பது சந்தையின் கணக்கு. தொலைதூரப் பகுதிகளுக்குக் கட்டண உச்சவரம்பு 40 சதவீதமும், மிகத் தொலைவான பகுதிகளுக்கு 50 சதவீதமும் உயர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் வாடகைக்கு வீடே கிடைக்காத ஊரில் வேலைக்கு வருபவர் எங்கே தங்குவார்? 2025 ஜூலை முதல், சிகிச்சையாளர்கள் தங்கள் பயண நேரத்துக்கு மணிக்கட்டணத்தில் பாதியை மட்டுமே கோரலாம். சிட்னி நகரத்துப் பரமட்டாவில் அது கால்மணி நேரத்து நட்டம், எங்கள் பக்கத்திலோ போய்வரவே நான்கு மணிநேரம். இதோடு ஆங்கிலத்தில் வாதாடவும் படிவங்களோடு மல்லுக்கட்டவும் தெரிந்த குடும்பம் ஒரே சந்தையில் அதிகம் பெறுகிறது, தெரியாத குடும்பம் கிடைத்ததோடு அடங்கிவிடுகிறது. பிரிட்ஜிங் விசா எனும் தற்காலிக விசாவில் ஆண்டுக்கணக்காக இருக்கும் தமிழ் அகதிகளுக்கோ அந்தச் சந்தையின் வாசலே திறப்பதில்லை.

புரூஸ் பொனிஹாடி, லிசா போல் ஆகியோர் தலைமையில் நடந்து 2023 டிசம்பரில் வெளியான, இந்தக் காப்பீட்டுத் திட்டம் பற்றிய சுயாதீன மீளாய்வு, பூர்வீகக் குடிமக்களுக்கும் தொலைதூரச் சமூகங்களுக்கும் சேவைகளைப் பெற்றுத்தர மாற்று ஏற்பாடுகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதை எங்களைப் போன்ற சிற்றூர்களுக்கும் விரித்து, உள்ளூர் மருத்துவமனையையோ நகரசபையையோ சார்ந்து மாதச் சம்பளத்தில் பராமரிப்பு ஊழியர்களை அரசே நியமிக்க வேண்டும். ஒருவரின் திட்டத்தில் பணம் மிஞ்சினால், அதைக் குறைக்கும் முன் ஆள் கிடைக்காததால் மிஞ்சியதா என்று அவரிடம் கேட்டுப் பதிவு செய்வதைச் சட்டமாக்குங்கள். தம்பியின் அடுத்த மீளாய்வு மார்ச் மாதத்தில் வருகிறது.

இப்படிக்கு,
ஓர் அக்கா