"யெஸ் சேர்" என்று சொன்ன பெடியனுக்கு என்ன விளங்கியது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் இங்கிலீஷ் படித்துக்கொண்டுதான் போக வேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். படிக்கட்டும், நல்லதுதான். ஆனால் பிழை முழுவதையும் போகிறவனின் தலையில் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மாங்குளத்தில் இருப்பவன். கட்டாரில் 5 வருசம் மேசன் வேலை செய்துவிட்டு 2023இல் திரும்பி வந்தேன். யுத்தம் முடிந்த 2009இல் எனக்கு 17 வயது. அதற்கு முந்தின வருசங்களில் பள்ளிக்கூடமும் எங்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்தது, மரத்தடியில் வகுப்பு, பிறகு அதுவும் இல்லை, கடைசியில் செட்டிகுளம் முகாம். இங்கிலீஷ் ரீச்சர் வந்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். மேசன் வேலையை இந்திய வீட்டுத்திட்டம் வந்தபோது ஊரிலேயே பழகினேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு எங்கும் ஒரே நேரத்தில் வீடுகள் எழும்பின, கரண்டி பிடிக்கத் தெரிந்தவனுக்கு வேலைக்குப் பஞ்சமே இருக்கவில்லை. திட்டம் முடிய வேலையும் குறைந்தது, அப்புறம்தான் கட்டார். என் கையில் தொழில் இருந்தது. சுவர் நேராக நிற்கிறதா என்பதைத் தூக்குக்குண்டு காட்டிவிடும், அதற்கு இங்கிலீஷ் வேண்டாம்.

இங்கிலீஷ் வேண்டியிருந்தது உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். காலையில் வேலை தொடங்க முதல் எல்லோரையும் வரிசையில் நிற்பாட்டி, பாதுகாப்பு அதிகாரி பத்து நிமிடம் இங்கிலீஷில் கதைப்பார். கடைசியில் "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்பார். நாங்கள், நேபாளக்காரர், வங்காளதேசக்காரர் எல்லோரும் ஒரே குரலில் "யெஸ் சேர்" என்போம். பிறகு தாளில் கையெழுத்து. எனக்கு ஒரு சொல்லும் விளங்கியதில்லை. விளங்கவில்லை என்று சொன்னால் ஓவர்டைம் கிடைக்காது, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம், வெட்கம் மறுபக்கம்.

இரண்டாவது மாதம். சாரக்கட்டு ஏணியில் மஞ்சள் அட்டை ஒன்று தொங்கியது. பச்சை என்றால் ஏறலாம், சிவப்பு என்றால் ஏறக்கூடாது, அது யாருக்கும் தெரியும். மஞ்சள்? கீழே நாலு வரி இங்கிலீஷ் எழுதியிருந்தது. நான் ஏறிவிட்டேன். அந்தச் சாரக்கட்டில் ஒரு பக்கம் கைபிடிக் கம்பி பூட்டி முடியவில்லை, பாதுகாப்புப் பெல்ட்டைக் கொளுவிக்கொண்டு மட்டும்தான் வேலை செய்யலாம் என்பதுதான் அந்த நாலு வரி. பெல்ட் என் உடம்பில் இருந்தது, கொளுக்கி இடுப்பில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. சாந்து வாளியை இழுக்கக் குனிந்தவன் சறுக்கினேன், பக்கத்தில் நின்ற நேபாளப் பெடியன் பெல்ட்டைப் பிடித்து இழுத்திராவிட்டால் இந்தக் கடிதம் இல்லை.

போர்மன் கேரளாக்காரர், தமிழ் அரைகுறையாகக் கதைப்பார். கீழே கூட்டிக்கொண்டு வந்தார், ஏசவில்லை. அட்டையைத் தொட்டுக் காட்டினார், கம்பி இல்லாத இடத்தைக் காட்டினார், கொளுக்கியைக் கொளுவிக் கழற்றி மறுபடி கொளுவினார். பிறகு "இனி நீ எனக்குச் சொல்லித் தா" என்றார். நான் செய்து காட்டினேன், பிழை விட்ட இடத்தில் திருத்தினார், ஐந்து தரம் செய்யவைத்தார். அன்றிலிருந்து புதிதாக வந்த எவனிடமும் அவர் "விளங்கியதா" என்று கேட்டதை நான் காணவில்லை. செய்து காட்டச் சொல்லுவார். அதே மொழி கதைக்கிற பழைய ஆள் ஒருவனோடு இரண்டு கிழமைக்குச் சோடி சேர்த்துவிடுவார். கொம்பனிக்கு இதனால் ஒரு றியால்கூடச் செலவில்லை.

சட்டத்தின் கதையும் இதுதான். பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் இல்லாமலே வேறு கொம்பனிக்கு மாறலாம் என்று கட்டாரில் 2020இல் சட்டம் வந்தது. 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1000 றியால், தங்குமிடமும் சாப்பாடும் கொடுக்காவிட்டால் அதற்கு 500உம் 300உம் தனியாக. ஜூன் 1 தொடக்கம் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து 3.30 வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது. நல்ல சட்டங்கள். ஆனால் வேலை மாறலாம் என்பது எனக்குத் தெரியவர ஒன்றரை வருசம் போனது, அதுவும் காம்பில் ஒரு அண்ணை சொல்லித்தான். அதுவரைக்கும் கடன் கட்டவேண்டுமே என்று அதே கொம்பனியின் சம்பளத்திலேயே கிடந்தேன்.

என் மச்சான் லண்டனில் ஒரு களஞ்சியசாலையில் வேலை. அங்கே 1999ஆம் ஆண்டு வேலைத்தலப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி பாதுகாப்புத் தகவலைத் தொழிலாளிக்கு விளங்கும் விதத்தில் கொடுப்பது முதலாளியின் கடமை. கதைத்தால் மட்டும் போதாது, அவனுக்கு விளங்கவேண்டும். எங்கள் ஆட்கள் போகிற எல்லா நாட்டிலும் கேட்கவேண்டியது இதைத்தான்.

சரி, எங்கள் நாட்டுக்கு வருவோம். தமிழ் 1987இலிருந்து ஆட்சி மொழி. ஆனால் நான் கொழும்பில் ஏஜென்சியில் கையெழுத்து வைத்த ஒப்பந்தம் முழுக்க இங்கிலீஷும் அரபும். "நாளைக்குப் பிளைட், கெதியாகப் போடும் தம்பி" என்றார்கள், போட்டேன். கையெழுத்துக்கு முதல் நாளே அதைத் தமிழில் வாசித்துக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? பிரச்சினை என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. அதை எழுதி, போகிறவனின் அம்மாவிடமும் மனைவியிடமும் கொடுங்கள்.

இப்போது நானே சின்னச் சின்னக் கொந்தராத்து எடுக்கிறேன். மாபிள் பதிக்க அநுராதபுரத்திலிருந்து இரண்டு சிங்களப் பெடியன்கள் வருகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் கொஞ்சம். முதல் நாள் மாபிள் வெட்டும் மெஷினைக் காட்டி, சுவிட்சை நிற்பாட்டி வயரைக் கழற்றின பிறகுதான் பிளேட்டில் கை வைக்கவேண்டும் என்று செய்து காட்டினேன். பிறகு மெஷினை அவர்களிடம் கொடுத்துவிட்டு நான் மாணவனாக நின்றேன். ஒருவன் வயரைக் கழற்ற மறந்தான். "ஹரி ஹரி" (சரி சரி) என்று தலையாட்டினதை நம்பி நான் போயிருந்தால் அந்த மறதி எனக்குத் தெரிந்தே இருக்காது. எங்கள் பக்கத்தில் வெளியூர் ஆட்களை வைத்து வேலை வாங்கும் கொந்தராத்துக்காரர், அரிசி ஆலைக்காரர் எல்லோரையும் கேட்கிறேன், அந்த அரை மணித்தியாலத்தை ஒதுக்குங்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். கட்டாரில் நான் ஒரு கொப்பி வைத்திருந்தேன். சைற்றில் காதில் விழுகிற இங்கிலீஷ், ஹிந்தி, அரபுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் கருத்தும், முடிந்த இடத்தில் ஒரு படமும் போட்டுவைத்தேன். மஞ்சள் அட்டைதான் முதல் பக்கம். வாரம் ஒரு சின்னப் பெட்டி ஒதுக்கி அதைப் போடுவீர்கள் என்றால் கொப்பியை அனுப்பிவைக்கிறேன், காசு ஒன்றும் வேண்டாம்.

இப்படிக்கு,
கட்டாரிலிருந்து திரும்பிய ஒரு மேசன்,
மாங்குளம்.